வியன்னா நகரத்து இராட்டினம்

வியன்னா நகருக்குச் சென்று திரும்புவோர் அங்குள்ள அரண்மனைகளைப் பற்றியும், ஓவியக் கூடங்களைப் பற்றியும், இசையரங்குகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன். ஆயினும், இன்று உங்களிடம் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றும் அன்று, ஓர் இராட்டினம். இராட்டினத்தைப் பற்றிப் பேசக் கடல் கடந்து போகவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். திருவிழாக் கடைகளின் நடுவே, குழந்தைகளின் கூச்சலுக்கும் பலூன் விற்பவனின் ஊதல் ஒலிக்கும் இடையே சுழலும் இராட்டினத்தை அறியாதார் நம்மில் யார்? அந்த எண்ணத்தோடுதான் நானும் போனேன்.

அந்த இராட்டினத்திற்கு ஜெர்மன் மொழியில் 'ரீசன்ராட்' என்று பெயர். 'ரீச' என்றால் இராட்சதன். 'ராட்' என்றால் சக்கரம். நாம் இராட்சத இராட்டினம் என்று சொல்வது போலவே அவர்களும் சொல்கிறார்கள். 'ராட்' என்பதற்கும் 'இராட்டினம்' என்பதற்கும் ஓர் ஒலி ஒற்றுமை இருப்பதைக் கண்டு எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் அதைக்கொண்டு உறவு கொண்டாட நான் துணியவில்லை.

வியன்னாவில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் என் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். நகரின் இரண்டாம் வட்டாரம் லியோபோல்ட்ஷ்டாட் எனப்படும். ஒரு பக்கம் டான்யூப் ஆறும் மறுபக்கம் அதன் கால்வாயும் ஓட, நடுவே தீவு போல் அமைந்த பகுதி அது. அங்கே ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் அவர் குடியிருக்கிறார். முதல் நாட்காலை அவரோடு வெளியே புறப்பட்டபோது, வாயிற்படிக்கு முன்னே, நடைபாதைக் கற்களின் நடுவே, உள்ளங்கையளவுள்ள பித்தளைத் தகடுகள் சில பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் சில ஆண்டுகளும் பொறித்திருந்தன.

"இவை என்ன?" என்று கேட்டேன்.

"முன்பு இந்த வீட்டில் குடியிருந்தவர்கள்" என்றார். பிறகு, "மாலையில் சொல்கிறேன், வாருங்கள், இப்போது போனால் இராட்டினத்தில் கூட்டம் இராது" என்று நடக்கத் தொடங்கினார்.

இராட்டினம் நிற்கும் இடத்திற்குப் பிராட்டர் என்று பெயர். முற்காலத்தில் அது அரச குடும்பத்தார் வேட்டையாடுவதற்கென ஒதுக்கி வைத்திருந்த காடு. 1766-ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அன்று முதல் வியன்னா மக்கள் அதனைத் தங்கள் சொந்தத் தோட்டமாகவே பாவித்து வருகிறார்கள். இருமருங்கும் மரங்கள் அடர்ந்து, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடு போல் செல்லும் ஒரு சாலை அதில் உண்டு. அதன் ஒரு மூலையில் வேடிக்கைச் சாலைகளும் சிற்றுண்டிக் கடைகளும் நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் தலைவாயில் காப்பது போல் நிற்கிறது, இந்த இராட்டினம்.

நண்பர் உயரத்தைக் கண்டு அஞ்சுபவர். "நீங்கள் ஏறி வாருங்கள், நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்றேன். ஏறுமிடத்திற்குப் போகும் வழியில் வட்டமான ஒரு கூடத்தில் எட்டுப் பெட்டிகளை வைத்து, அவற்றினுள் நகரின் பழைய வரலாற்றைச் சிறு பொம்மைக் காட்சிகளாக அமைத்திருக்கிறார்கள். அங்கே நெடுநேரம் நிற்க மனம் கொள்ளவில்லை. மேலே போகும் ஆசை இழுத்தது.

பெட்டி என்று சொன்னேன். இராட்டினத் தொட்டில் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இருவர் நெருங்கி அமரும் ஆசனந்தானே? இங்கே அப்படி அன்று. ஒவ்வொன்றும் சிவப்பு வண்ணம் பூசி, கூரை வேய்ந்து, சன்னல்கள் வைத்த ஒரு சிறிய அறை. பழைய இரயில் வண்டியின் ஒரு துண்டை அறுத்துத் தொங்கவிட்டாற்போல் இருக்கிறது. உள்ளே எழுந்து நடமாடலாம். மேசை போட்டு விருந்துண்பதற்கென்றே அமைத்த பெட்டிகளும் சில உண்டு; திருமணங்கள்கூட அவற்றில் நடைபெறுகின்றன.

கதவு மூடப்பட்டது. புறப்பட்டோமா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே நின்ற மரம் ஒன்று மெல்லத் தாழ்வதைக் கண்டபிறகே, தாழ்வது மரம் அன்று, உயர்வது நாம் என்று உணர்ந்தேன். இச்சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு முக்கால் மீட்டர், அதாவது மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. முதியவர் ஒருவர் மாலையில் உலாவும் நடையைவிட இது மெதுவானது. சக்கரத்தின் குறுக்களவு 60.96 மீட்டர். இந்தப் பின்னம் ஏன் என்று ஐயுறுவோர் அதனை அடியாக மாற்றிப் பார்க்கலாம். சரியாக 200 அடி வரும். கட்டியவர் ஆங்கிலேயர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தரையிலிருந்து உச்சி வரை 64.75 மீட்டர். இடையில் நில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஆட்களை ஏற்றி இறக்க அடிக்கடி நிறுத்துவதால், என் பயணம் கால்மணி நேரத்திற்கு மேல் நீடித்தது.

பெட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நான் நகரைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், அதில் நான் எதிர்பார்த்த ஒன்று இல்லை. இத்தனை பெரிய சக்கரத்தில் தடித்த இரும்புச் சட்டங்கள் ஆரக்கால்களாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இருந்தவை வெறும் எஃகு வடங்கள்.

இதன் சூட்சுமத்தைச் சிறிது விளக்க விரும்புகிறேன். மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே குடம், குடத்தில் செருகிய ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. வண்டியின் பாரம் அச்சின் வழியே குடத்தில் இறங்குகிறது. குடத்துக்கு நேர் கீழே எந்த ஆரக்கால் இருக்கிறதோ அது அந்தப் பாரத்தைத் தலையில் சுமந்து தரையில் ஊன்றுகிறது. அடுத்த கணம் அடுத்த ஆரக்கால் சுமக்கிறது. சுமப்பதற்கு வலிமை வேண்டும். ஆகவே அவை பருத்த மரத்தாலானவை. இனி, மிதிவண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். அதன் கம்பிகள் சுண்டுவிரலில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கம்பியைத் தனியே நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் வளைந்து போகும். ஆனால் அதே கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் எளிதில் அறுமா? அறாது. மெல்லிய பொருளுக்குச் சுமக்கும் வலிமை இல்லை. இழுவையைத் தாங்கும் வலிமை உண்டு. ஆகவே கம்பிகளையெல்லாம் முன்னரே முறுக்கி இழுத்து வைத்துவிடுகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுபட்டு நிற்பதால் சக்கரம் வட்டம் குலையாமல் நிற்கிறது.

வியன்னா இராட்டினம் மிதிவண்டிச் சக்கரத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மிதிவண்டியின் வட்டை தரையில் ஊன்றுகிறது; இராட்டினத்தின் வட்டை எங்கும் ஊன்றுவதில்லை. அச்சுமட்டும் இருபுறத்துத் தாங்கிகளின்மேல் கிடக்கிறது. அச்சு ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் அரை மீட்டர் குறுக்களவும் உடையது. எடை 16 டன்னுக்கு மேல். சுழலும் பகுதி முழுவதும் ஏறத்தாழ 245 டன். இவ்வளவும் அந்த ஓர் அச்சிலிருந்தே தொங்குகிறது. கிணற்றுக் கயிறு வாளியை ஏந்துவது போல, அச்சுக்குக் கீழே உள்ள வடங்கள் வட்டையின் பாரத்தை ஏந்துகின்றன. மேலே உள்ள வடங்களில் இறுக்கம் சற்றுக் குறைகிறது. எனினும் தொடக்கத்திலேயே போதிய அளவு இறுக்கியிருப்பதால் அவை தொய்வதில்லை. சக்கரம் சுழலச் சுழல, கீழ் வடம் மேலாகிறது, மேல் வடம் கீழாகிறது. இறுகுவதும் நெகிழ்வதுமாக அவை தம் முறையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

பெட்டி தலைகீழாகாமல் இருப்பது எவ்வாறு என்று குழந்தைகள் கேட்கக்கூடும். பெட்டி ஊஞ்சல் போல் மேல்முனையில் மாட்டப்பட்டிருக்கிறது. தன் எடையாலேயே அது நேராகத் தொங்குகிறது. அவ்வளவுதான். சக்கரத்தைச் சுழற்றுவதற்கு விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு வடம் போதும். கீழே உள்ள எந்திரம் அந்த வடத்தை இழுக்கிறது. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஏறக்குறைய ஒத்த எடையாக இருப்பதால், ஒன்றை ஒன்றே தூக்கிக்கொள்கிறது.

உச்சிக்கு அருகில் வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. கீழே யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்காவிட்டாலும்கூட, இந்த இராட்டினத்தில் உச்சிப் பகுதியில் இருக்கும் நேரம் அதிகமே. வட்டத்தின் பக்கங்களில் பெட்டி செங்குத்தாக ஏறுகிறது. உச்சியை நெருங்கியதும் மேலே போவதை விட்டுப் பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், முழு உயரத்தின் மேல் கால்பகுதியில் நாம் கழிக்கும் நேரம், சுற்றின் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகும். கட்டியவர்கள் காட்சி பார்ப்பவர்களுக்காக இப்படி ஏற்பாடு செய்யவில்லை. வட்டத்தின் இயல்பே அது.

அங்கிருந்து நான் கண்டவற்றைச் சொல்கிறேன். தென்மேற்கே புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரம், 136 மீட்டர் உயரத்தில், நகரின் கூரைகளுக்கு மேலே கூர்மையாக எழுந்து நிற்கிறது. அதன் கூரையில் வண்ண ஓடுகள் பதித்துக் கோலம் போல் அமைத்திருக்கிறார்கள். வடமேற்கே திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த காலன்பெர்க் குன்று. 1683-இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, நகரைக் காக்க வந்த போலந்து மன்னரின் சேனை அக்குன்றிலிருந்தே இறங்கியது. வடகிழக்கே டான்யூப், அதன் அக்கரையில் 1979-இல் திறக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் கட்டடங்கள், அவற்றுக்கும் அப்பால் 1964-இல் கட்டிய, 252 மீட்டர் உயரமுள்ள டான்யூப் கோபுரம். ஸ்ட்ராஸ் என்னும் இசைமேதை டான்யூபை நீலமாக்கி உலகெங்கும் பாட வைத்தார்; நான் பார்த்த அன்று அது கலங்கிய பச்சையாகத்தான் இருந்தது. அந்த உயரத்திலிருந்து சமவெளியில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வரை தொடுவானம் விரிகிறது.

என்னோடு அப்பெட்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தனர். அவர்களுள் ஓர் இளைஞன் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக் கீழே பார்த்து, "எறும்புகள் போல் இருக்கிறார்கள்" என்று தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னான். உயரமான இடத்தில் எவரும் சொல்லக்கூடிய சொல்தான். ஆயினும் எனக்கு உடனே ஒரு திரைப்படம் நினைவுக்கு வந்தது.

1949-இல் வெளிவந்த 'தி தேர்ட் மேன்' என்னும் அந்த ஆங்கிலப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கிரஹாம் கிரீன் எழுதி, கரோல் ரீட் இயக்கியது. போருக்குப் பின் நான்கு வல்லரசுகள் பங்கிட்டு ஆண்ட வியன்னாவில் அக்கதை நிகழ்கிறது. ஆர்சன் வெல்ஸ் நடித்த பாத்திரம், பென்சிலின் மருந்தைத் திருடி, அதில் கலப்படம் செய்து விற்றுக் குழந்தைகளைச் சாகடித்த ஒரு கயவன். அவன் தன் பழைய நண்பனை இதே இராட்டினத்திற்கு அழைத்து வருகிறான். உச்சிக்குப் போனதும் பெட்டியின் கதவைத் திறந்து, கீழே நகரும் மனிதர்களைக் காட்டி, அந்தப் புள்ளிகளுள் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் உனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகுமா என்ற பொருள்படக் கேட்கிறான். படத்தைப் பார்த்த காலத்தில் அது ஒரு கொடியவனின் சாமர்த்தியமான பேச்சு என்றே நினைத்தேன். அந்தப் பெட்டியில் நின்று கீழே பார்த்தபோதுதான் அந்தக் கேள்விக்கு எவ்வளவு உயரம் தேவைப்பட்டது என்று தெரிந்தது. மிக அதிகம் தேவைப்படவில்லை. 60 மீட்டர் போதுமானதாக இருந்தது.

நான் நண்பர் அமர்ந்திருந்த காப்பிக் கடையைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த இராட்டினத்தின் வரலாறு ஒரு தனிக் கதை. 1889-இல் பாரிசில் ஈபில் கோபுரம் எழுந்தது. அதற்கு ஈடாக எதையேனும் செய்துகாட்ட வேண்டும் என்று அமெரிக்கர்கள் துடித்தார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜார்ஜ் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் 80 மீட்டர் உயரமுள்ள ஒரு சக்கரத்தைக் கட்டினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேராக ஒரே சமயத்தில் 2,160 பேர் ஏறலாம். உலகம் வியந்தது. ஆனால் பெர்ரிசுக்கு அதனால் நல்வாழ்வு வாய்க்கவில்லை. 1896-இல், 37 வயதிலேயே மாண்டார். அவருடைய சக்கரம் இடம் மாறி இடம் மாறி, 1906-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பெர்ரிசின் வழியைப் பின்பற்றி ஐரோப்பாவில் சக்கரங்களை நிறுவியவர், ஆங்கிலக் கடற்படையில் பணிபுரிந்த வால்ட்டர் பாசெட் என்பவர். இலண்டனில் 1895-இலும், பிளாக்பூலில் 1896-இலும், வியன்னாவில் 1897-இலும், பாரிசில் 1900-இலுமாக நான்கு சக்கரங்கள் எழுந்தன. இவற்றின் வடிவமைப்பில் பங்குகொண்ட பொறியாளர் ஹியூபர்ட் பூத். வீட்டுத் தூசியை உறிஞ்சும் எந்திரத்தைப் பின்னர் 1901-இல் கண்டுபிடித்தவரும் இவரே; வானத்தை அளந்த கை வீட்டைப் பெருக்கவும் வழி கண்டது. இலண்டன் சக்கரம் 1907-இலும், பாரிஸ் சக்கரம் 1920-இலும், பிளாக்பூல் சக்கரம் 1928-இலும் பிரிக்கப்பட்டன. முதல் உலகப் போரில் வீடிழந்த பிரெஞ்சுக் குடும்பங்களுக்குப் பாரிஸ் சக்கரத்தின் பெட்டிகள் வீடாயின என்று படித்திருக்கிறேன். நான்கில் எஞ்சியது வியன்னா இராட்டினம் ஒன்றே. பாரிஸ் சக்கரம் மறைந்த 1920 முதல் 1985 வரை, உலகில் நின்ற இராட்டினங்களுள் உயர்ந்தது இதுவாகவே இருந்தது. இன்று இலண்டனில் 135 மீட்டர், சிங்கப்பூரில் 165 மீட்டர், துபாயில் 250 மீட்டர் என்று சக்கரங்கள் வளர்ந்துவிட்டன. அவற்றின் முன் இது ஒரு சிறுவன்.

இது மட்டும் எஞ்சியது ஏன்? எவரும் போற்றிக் காத்ததால் அன்று. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அரியணை ஏறிய பொன்விழாவை ஒட்டிக் கட்டப்பட்ட இராட்டினம் இது. முதல் உலகப் போர் மூண்டதும், பகை நாட்டவரின் உடைமை என்று பறிமுதல் செய்யப்பட்டது. 1916-இல் இதனை இடித்துவிட அரசாங்கம் அனுமதியும் கொடுத்துவிட்டது. இடிப்பதற்குப் பணம் இல்லை. அதனால் நின்றது. 1919-இல், பிராக் நகரத்து வணிகர் எடுவார்ட் ஷ்டைனர் இதனை விலைக்கு வாங்கினார். இரும்புக்காக வாங்கினார், பிரித்து விற்றுவிடுவதே அவர் எண்ணம். ஆனால் வாங்கிய பின் அவர் அதனைப் பிரிக்கவில்லை. குத்தகைக்கு விட்டு ஓட வைத்தார். மனம் மாறியதா, கணக்கு மாறியதா? வணிகர் ஆதலால் கணக்காகவே இருக்கலாம். எப்படியாயினும், இந்த இராட்டினம் இன்று நிற்பதற்கு ஒரு தனி மனிதரைக் காரணம் காட்டவேண்டுமானால் அவரைத்தான் காட்டவேண்டும்.

எடுவார்ட் ஷ்டைனர் யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவிற்குள் நுழைந்தன. யூதர்களின் வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்டன. இராட்டினமும் அவ்வாறே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1944-இல் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அதே 1944-இல் இராட்டினமும் தீக்கிரையாயிற்று. பெட்டிகள் எரிந்தன, இரும்புக் கூடு மட்டும் நின்றது.

போர் முடிந்ததும் ஸ்டீபன் பேராலயத்தைச் செப்பனிட்டது போலவே இராட்டினத்தையும் செப்பனிட்டார்கள். 1947-இல் அது மீண்டும் சுழன்றது. பின்னர், ஷ்டைனரின் வாரிசுகளுக்கே உரிமையும் திரும்பியது. ஆனால், தீயில் வெந்த இரும்பு பழைய பாரத்தைத் தாங்குமா என்னும் ஐயம் பொறியாளர்களுக்கு இருந்தது. முன்பு இருந்தவை 30 பெட்டிகள். ஒன்று விட்டு ஒன்றாக 15 பெட்டிகளை மட்டுமே மீண்டும் மாட்டினார்கள். இன்றும் 15-தான். பெட்டியிலிருந்து சக்கரத்தைக் குறுக்கே நோக்கினால் இதனை நன்றாகக் காணலாம். முப்பது இடங்களில் ஒன்று விட்டு ஒன்று நிரம்பியிருப்பதால், ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் எதிரே இருப்பது ஒரு பெட்டி அன்று. பெட்டி இருந்த ஓர் இடம்.

எங்கள் பெட்டி மீண்டும் அசைந்து இறங்கத் தொடங்கியது. இப்போது எனக்கு நேராக லியோபோல்ட்ஷ்டாட்டின் கூரைகள் தெரிந்தன. அவற்றுள் ஏதோ ஒன்று என் நண்பரின் வீடு. ஊர்ப்பெயரில் வரும் லியோபோல்ட், 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஒரு பேரரசர். 1670-இல் அவர் இப்பகுதியில் வாழ்ந்த யூதர்களையெல்லாம் வெளியேற்றினார்; அதற்காகவே அவர் பெயரை இதற்கு இட்டார்கள். காலப்போக்கில் யூதர்கள் மீண்டும் வந்து இங்கேயே மிகுதியாகக் குடியேறினார்கள். 1938-இல் வியன்னா நகரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூதர்கள் இருந்தனர். பலர் எப்படியோ தப்பி வெளிநாடு சென்றனர். ஆஸ்திரிய யூதர்களுள் ஏறக்குறைய 65,000 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோரை ஏற்றிச் சென்ற இரயில்கள் நகரின் அஸ்பாங் நிலையத்திலிருந்து புறப்பட்டன. 1939 முதல் 1942 வரை 47 வண்டிகள். வண்டிக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர்.

கீழே இறங்கியதும் நண்பர் எதிரில் வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"உங்களைத் தேடினேன், தெரியவில்லை" என்றேன்.

"நான் உங்கள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எது என்று கடைசியில் எனக்கும் குழம்பிவிட்டது" என்றார் அவர்.

மாலை வீடு திரும்பும் வழியில், காலையில் சொல்வதாகச் சொன்னதைச் சொன்னார். அந்தத் தகடுகளை 2005 முதல் இந்த வட்டாரத்தில் பதித்து வருகிறார்களாம். அரசாங்கம் தானே முன்வந்து செய்தது அன்று. உறவினர்களும், அந்தந்தத் தெருவில் இப்போது குடியிருப்பவர்களும் முயன்று செய்வது. பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொண்டுபோகப்பட்ட இடம், இவ்வளவே எழுதுவது. மழையிலும் பனியிலும் மக்களின் காலடியிலும் கிடப்பதால் பித்தளை விரைவில் கறுத்துப்போகிறது. எவரேனும் அவ்வப்போது துடைத்தால்தான் உண்டு.

நாங்கள் வீட்டை அடைந்தபோது நண்பரின் மனைவியார் வாயிலில் ஒரு சிறு கிண்ணத்தோடு குந்தியிருந்தார். இரண்டு தகடுகள் பளபளவென்று மின்னின, மூன்றாவதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்தது கரைத்த புளி.

"கடையில் விற்கும் மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தேன், அண்ணா. நம் குத்துவிளக்குக்குத் தேய்ப்பது போலப் புளி வைத்துத் தேய்த்தால்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறது" என்றார்.

அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் நான் குனிந்து படித்தேன். பிறந்த ஆண்டு 1931 என்றிருந்தது.